உயிரோடு வெளியேறியவர்கள்

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு மாவட்ட மருத்துவமனை என்றால் போதும். இந்தக் கதையில் அவமானம் கட்டடத்துக்கு இல்லை, ஒருத்திக்குத்தான். அவள் பெயர் நிரோஷா. தினமும் மந்தினிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் மாடியில் தரப் பிரிவு என்று பலகை தொங்கும் அறையில் உட்கார்ந்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்களோடு மல்லுக்கட்டுகிறவள். புள்ளியியல் படித்தவள். வயது முப்பத்து நான்கு. எண் விஷயத்தில் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் அவளுக்கும் பங்கு உண்டு.

அந்த மாதம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம், திரையில் தெரிந்த ஒரு சின்னப் புள்ளி.

விஷயம் ரொம்பச் சுலபம். நுரையீரல் காய்ச்சலோடு ஒருவர் வந்து படுக்கிறார். அவருடைய வயது என்ன, சர்க்கரை உண்டா, வரும்போது மூச்சு எப்படி, ரத்த அழுத்தம் எப்படி என்றெல்லாம் பார்த்து, இவர் இறந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் போடலாம். அப்படி வந்தவர்கள் எல்லோருடைய எண்ணையும் கூட்டினால், இந்த மருத்துவமனையில் இத்தனை சாவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு தொகை வரும். நடந்த சாவை அதனால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேலே போனால் எங்கோ கோளாறு. ஒன்றுக்குக் கீழே வந்தால் நல்ல வைத்தியம். வயசாளிகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரியையும் வாலிபர்கள் வரும் ஆஸ்பத்திரியையும் நியாயமாக ஒப்பிட அதுதான் வழி.

இரண்டு வருடத்தில் எதிர்பார்த்த சாவு தொண்ணூற்றாறு. நடந்த சாவு அறுபத்தெட்டு. வகுத்தால் புள்ளி ஏழு ஒன்று. மற்ற மருத்துவமனைகளின் புள்ளிகள் எல்லாம் வரைபடத்தில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே ஒழுங்காக அடைந்து கிடக்க, இவர்களுடைய புள்ளி மட்டும் கீழ்கோட்டையும் தாண்டி, தனியாக, பெருமையாக நின்றது. அது மட்டும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் நிரோஷா சோறு தண்ணி இல்லாமல் ஒரு வாரம் தோண்டியிருப்பாள். கீழே நின்றதால் தோண்டவில்லை. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்? புள்ளியியல் படித்தவள் பட்டிருக்க வேண்டும். அவள் அதற்குப் பதிலாக மாநாட்டுக்குப் புதுச் சேலை வாங்கினாள்.

கோலாலம்பூரில் தேசிய மாநாடு. அந்தப் புள்ளியைப் பற்றி அவள்தான் மேடையேறிப் பேசப் போகிறாள்.

"மகள், மாநாட்டுக்கு எந்த நிறம் உடுக்கப் போறாய்?" என்று காலையில் பசியாறும்போது அப்பா செல்லப்பா கேட்டார். எழுபத்து மூன்று வயது. ஐந்து வருடத்துக்கு முன் அவருக்கும் இதே நுரையீரல் காய்ச்சல்தான். சிரம்பானில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு நாள் மூச்சுக் கருவியில் கிடந்து எழுந்து வந்தவர். இப்போது ரொட்டியில் காயா ஜாமைத் தடவிக்கொண்டு, மகளின் சேலை நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். நீலம் என்றாள் நிரோஷா.

அந்தப் புள்ளி அங்கே போய் நின்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், எந்தச் சாவைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம். தலைமை, தரப் பிரிவின் தலைவர் டாக்டர் ரொஹானா. அப்போது ஏ.ஓ.ஆர். பற்றிப் பேச்சு வந்தது. டாக்டர் போகச் சொல்லாதபோதே, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியைக் கொண்டுபோவதற்குத்தான் அந்தப் பெயர். அப்படிப் போனவர்களை எப்படிப் பதிவது?

அறையில் ஒரே தமிழச்சி நிரோஷா. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கள் மக்களுக்கு வீட்டில் உயிர் போக வேண்டும் டாக்டர். அது எங்கள் பண்பாடு. சாகப் போகிறவர்களைத்தான் கூட்டிப் போகிறார்கள். அதற்காக நம் வைத்தியத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை" என்றாள். வீட்டில் அவள் குடும்பத்தின் பேச்சு வேறு. அவளுடைய தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்து, காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டவர். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் 'தோட்டத்துச் சனம்' என்றுதான் சொல்வார்கள். கூட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் 'எங்கள் மக்கள்'. தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் விதி எழுதப்பட்டுவிட்டது. ஏ.ஓ.ஆர். போனவர்கள் உயிரோடு வெளியேறியவர்களாகப் பதியப்படுவார்கள்.

அதற்கு அடுத்த வருடம் வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சி வைத்தபோது, "ஏ.ஓ.ஆர். நம் சாவு இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவேட்டுப் பிரிவிலிருந்து ஓர் இளைஞனை அவளிடம் அனுப்பி வைத்தார்கள். தமிழ் ஆள் என்றால் மேலே அனுப்பிவிடுவது அங்கே பழக்கம். வயது இருபத்தேழு இருக்கும். மழித்த தலையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கா? புவனேஸ்வரன். ஏழாங்கட்டைத் தோட்டம்."

ஞாபகம் இருந்தது. ரெம்பாவ் பக்கம் உள்ள தோட்டம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். போன செவ்வாய்க்கிழமை, வார்டில் தமிழ் பேசுகிற தாதி விடுப்பில் இருந்ததால், அவன் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல இவளைத்தான் கீழே கூப்பிட்டிருந்தார்கள். அவனுடைய அம்மா லோகேஸ்வரி படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா...?" என்றாள் நிரோஷா, அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே.

"அன்னிக்கே போயிட்டாங்கக்கா. வீட்டுக்குக் கொண்டு போயி ரெண்டரை மணி நேரம்தான் இருந்தாங்க." அவன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். "இதப் பாருங்க. அடக்கம் பண்ண போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்த பெர்மிட். அம்மா எதுல செத்தாங்கன்னு எழுதியிருக்காங்க பாருங்க."

சாக்கிட் துவா என்று எழுதியிருந்தது. முதுமை நோய்.

"எங்கம்மாவுக்கு அம்பத்தொரு வயசுக்கா. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள்கூட நாத்துப் பண்ணைக்கு வேலைக்குப் போனாங்க. வீட்டுல செத்தா போலீஸ்தான் எழுதணுமாம். டாக்டர் சீட்டு இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப இதான் போடுவோம்னு போட்டுட்டாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கேஸ் கீஸ் எல்லாம் இல்ல லா. அம்மாவக் கெழவின்னு எழுதிட்டாங்க. அத மாத்தணும். நீங்க ஒரு லெட்டர் குடுத்தா மாத்தலாம்னு சொன்னாங்க."

"வாங்கித் தர்றேன் தம்பி. டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

"அடுத்த புதன்கிழமை பதினாறாம் நாளு. அதுக்குள்ள கெடைச்சா அம்மா படத்துக்கு முன்னால வச்சுருவேன்." அவன் எழுந்து நின்று, "நீங்க இருந்தது எங்களுக்கு எவ்வளவோ ஒதவிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடிதத்துக்கு விவரம் வேண்டுமே என்று அவள் லோகேஸ்வரியின் பதிவைத் திறந்தாள். வெளியேறிய நேரம், பிற்பகல் இரண்டு நாற்பது. வெளியேறிய நிலை என்ற கட்டத்தில், உயிரோடு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அவளுடைய சூத்திரம் தானாகவே போட்டுவைத்த எண் இருந்தது. புள்ளி மூன்று எட்டு.

நிரோஷா அதைத் திரும்பப் படித்தாள். இந்த மாதிரி நூறு பேர் வந்தால் முப்பத்தெட்டு பேர் சாவார்கள், அறுபத்திரண்டு பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள் என்று அர்த்தம். சாகப் போகிறவளின் எண் அது இல்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அந்தத் தொண்ணூற்றாறுக்குள் லோகேஸ்வரியின் புள்ளி மூன்று எட்டும் இருக்கிறது. அறுபத்தெட்டுக்குள் லோகேஸ்வரி இல்லை. எதிர்பார்த்த சாவில் அவளைச் சேர்த்தாயிற்று, நடந்த சாவில் சேர்க்கவில்லை. சூத்திரம் போட்டவள் நிரோஷா. விதியைச் சொன்னவளும் நிரோஷா. அந்த ஒருத்தியோடு இது நிற்காது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏ.ஓ.ஆர். என்று தேடினாள். ஐம்பத்து நான்கு பேர். முதல் வருடம் பதினேழு, அவள் பயிற்சியில் சிரித்துப் பேசியதற்குப் பிறகு முப்பத்தேழு. ஐம்பத்து நான்கில் நாற்பத்தொன்று தமிழ்ப் பெயர்கள். ஏழாங்கட்டை, கெமாஸ், ரெம்பாவ் என்று முகவரிகள்.

மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன். உங்க அப்பா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. கெமாஸிலிருந்து ஒரு பெண், "எங்கப்பா போன தீபாவளிக்கு முந்தியே போயிட்டாரு. ஒங்க ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதானே விதி. இராஜமாணிக்கம் என்ற ஒரு பெரியவர் மட்டும் தானே தொலைபேசியை எடுத்து, தான் குத்துக்கல் மாதிரி இருப்பதாகவும், ஆஸ்பத்திரிக் கஞ்சியைத்தான் தன்னால் இன்னும் மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். அவள் சிரித்து, உடனே அழுதுவிட்டாள். அவரையும் சேர்த்துப் பதினைந்து பேர் உயிரோடு இருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள்.

அறுபத்தெட்டோடு முப்பத்தொன்பதைக் கூட்டினாள். நூற்றேழு. தொண்ணூற்றாறால் வகுத்தாள். ஒன்று புள்ளி ஒன்று ஒன்று. புள்ளி மெல்ல மேலே ஏறி, எல்லோருக்கும் நடுவே, கொஞ்சம் மோசமான பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நல்ல வைத்தியம் என்று ஒன்று நடக்கவே இல்லை. செத்தவர்களை வாசலுக்கு வெளியே தள்ளி எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான்.

நிரோஷா கொண்டுபோன புதுக் கணக்கை டாக்டர் ரொஹானா பார்த்தார். "நீதானே இது உங்கள் பண்பாடு என்று சொன்னாய்" என்று மலாயில் கேட்டார். குத்திக்காட்டவில்லை, புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அதிகம் வலித்தது. பிறகு மாநாட்டுக் கட்டுரையை எடுத்துவிடலாம், விதியையும் மாற்றிவிடலாம், இனி வீட்டுக்குப் போனவர்களை முப்பது நாள் வரை விசாரித்து எழுதலாம் என்றார். நிரோஷா மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'என் தவற்றால்' என்று தொடங்கினாள், அழித்தாள். 'தரவுகளில் ஏற்பட்ட சிக்கல் காரணமாக' என்று எழுதி அனுப்பினாள். வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

லோகேஸ்வரிக்காக டாக்டரிடம் வாங்கிய கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். புவனேஸ்வரனையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அவள் புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழாங்கட்டைக்குப் போனாள். நேரில் போய்க் கொடுப்பது மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே ஓடியது வேறு. கடிதத்தை நீட்டி, மருத்துவமனைப் பதிவில் ஒரு சிக்கல், வருந்துகிறோம் என்று இரண்டு வரி சொல்லி, நல்லபடியாகக் கை கழுவிவிட்டு வரலாம் என்று ஓர் ஆசை. 'தரவுகளில் சிக்கல்' ஒருமுறை பலித்துவிட்டதல்லவா.

செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டுதான் மிச்சம், மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். வரிசை வீடுகளான ஒரு லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நீலக் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். படையல் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரியின் படம் முன்னறையில் மாலையோடு இருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். முடி கருகருவென்று இருந்தது.

புவனேஸ்வரன் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். நுரையீரல் தொற்று என்று இருந்த வரியில் விரலை வைத்தான். பிறகு அதைப் படத்துக்கு முன்னால், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

"கொஞ்சம் இப்படி வாங்க" என்று வீட்டுப் பின்பக்கம், அவன் லாரி நின்ற இடத்துக்கு அவளை அழைத்துப் போனான். "தர்மேந்திரன்னு ஒருத்தர், எங்க பக்கத்துத் தோட்டம், அவங்கப்பாவப் பத்தி நீங்க போன் பண்ணுனீங்களாம். செத்த ஆள எப்படி இருக்காருன்னு கேட்டீங்களாம். எதுக்கு மேடம் கேக்குறீங்க?"

அக்கா என்று அழைத்தவன் மேடம் என்றான்.

"பதிவுல ஒரு..." என்று ஆரம்பித்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான். அவளால் முடிக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன் மேடம்," என்றான் அவன். "அன்னிக்கு டாக்டர் மலாய்ல பேசுனாருல்ல. எனக்கு மலாய் நல்லா தெரியும். மாமாவுக்குத்தான் தெரியாது. நெலமை மோசம், பெரிய ஆஸ்பத்திரியில மூச்சு மிஷின் வார்டுல எடம் கேட்டிருக்கோம், கெடைச்சா அனுப்புவோம், ட்ரை பண்ணிப் பாக்கலாம்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் நீங்க மாமாகிட்ட தமிழ்ல சொன்னீங்க."

"ஆமா."

"என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு வாரமாக அதுதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப மோசமா இருக்கு ஐயா, வீட்டுக்குக் கொண்டு போகணும்னு நெனைச்சா கொண்டு போகலாம், நம்ம ஆளுங்க அப்படித்தானே செய்வாங்க. கட்டிலருகே நின்ற பெரியவர், லோகேஸ்வரியின் அண்ணன் நல்லசாமி, அதைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நல்ல மனசை நினைத்தாலே இப்போது அவளுக்குக் கூசியது.

"டாக்டர் சொல்லாதத நான் சேத்துச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும். எனக்கு அப்பவே தெரியும். ஆனா நான் என்ன நெனச்சேன்னா, டாக்டரு வாயால சொல்ல முடியாதத நீங்க நம்ம ஆளுன்னு எங்களுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் கையெழுத்துப் போட்டேன்." அவன் லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நான் கையெழுத்துப் போடலன்னா அம்மா இருந்திருப்பாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அவனும் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அவனுக்காகப் பொய் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு தனக்காகத்தான் சொல்லப் போகிறோம் என்று அவளுக்குப் பச்சையாகத் தெரிந்தது.

"இருந்திருக்கலாம்" என்றாள். "உங்கம்மா மாதிரி நூறு பேரு ஆஸ்பத்திரியிலேயே இருந்தா அறுபத்திரெண்டு பேரு பொழைப்பாங்க. அந்த நம்பர் என்கிட்டதான் இருந்துச்சு. மேல, என் கம்ப்யூட்டர்ல. நான் அதப் பாக்காமலே கீழ எறங்கி வந்து பேசுனேன். வீட்டுக்குப் போனவங்கள செத்தவங்களா எழுத வேணாம்னு சொன்னதும் நான்தான். அதனால ஆஸ்பத்திரிக்கு நல்ல பேரு. எனக்கும் நல்ல பேரு. அதத்தான் இப்ப போன் பண்ணிச் சரி பாத்தேன்."

கூடாரத்தில் யாரோ சாம்பார் கேட்டார்கள்.

"உங்க வீட்டுல யாருக்காவது இப்படி வந்திருக்கா மேடம்?"

"அப்பாவுக்கு வந்துச்சு."

"வீட்டுக்குக் கொண்டு போனீங்களா?"

பதினொரு நாள். டாக்டர் கஷ்டம் என்று தலையை ஆட்டியபோதெல்லாம் அவள் விடவில்லை, கத்தினாள், இன்னொரு நிபுணரைக் கூப்பிட்டாள், காரை விற்கவும் தயாராக இருந்தாள். நம்ம ஆளுங்க வீட்டுக்குக் கொண்டு போவாங்க என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர் முகத்தில் அறைந்திருப்பாள். அந்தப் பதினொரு நாளில் பண்பாடு என்ற ஒன்று அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

"இல்ல," என்றாள். "மிஷின்ல வச்சோம். இப்ப நல்லா இருக்காரு."

அவன் வீட்டுக்குள் போய் அந்த பிளாஸ்டிக் உறையோடு வந்தான். அதிலிருந்து ஏ.ஓ.ஆர். படிவத்தின் நகலை எடுத்து லாரியின் முன்பக்கத்தில் விரித்தான். நோயாளியின் பெயர். உறவினர் கையெழுத்து, அவனுடையது. டாக்டரின் கையெழுத்து. அதற்குக் கீழே மொழிபெயர்த்தவர் என்று ஒரு வரி, காலியாக இருந்தது. அன்று தாதி நீட்டியபோது, பையனுக்குத்தான் மலாய் தெரியுமே, நான் சும்மா உதவிக்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு நிரோஷா படி ஏறிவிட்டாள்.

"தெனமும் இத எடுத்துப் பாக்குறேன் மேடம். என் கையெழுத்து மட்டும் தனியா இருக்கு." அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

அவள் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அடையாள அட்டை எண்ணையும் எழுதினாள். தேதி எழுதும் இடத்தில் கை நின்றது. பிறகு அன்றைய தேதியையே எழுதினாள். பதினைந்து நாள் பிந்திய தேதி. அவன் அதைச் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டான்.

"நான் கெளம்புறேன்" என்றாள் நிரோஷா.

"இருங்க. பதினாறுக்கு வந்துட்டு சாப்புடாம போகக் கூடாது." அவன் குரலில் கோபம் இல்லை, பாசமும் இல்லை. "ஒண்ணே ஒண்ணு. மாமாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. தங்கச்சிய நல்லபடியா வீட்டுல வழியனுப்புனோம்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கு அது இருக்கட்டும். உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

பந்தியில் அவளை உட்கார வைத்தார்கள். இலை போட்டார்கள். சோறு விழுந்ததோ இல்லையோ, சாம்பார் வாளியோடு வந்த பெரியவர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நல்லசாமி. வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆஸ்பத்திரி பொண்ணுதானேம்மா நீ? இவ்வளவு தூரம் வந்திருக்கியே! இந்தாங்க, இந்தப் புள்ளதான்," என்று பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அன்னிக்கு இந்தப் புள்ள நம்ம பாசையில எடுத்துச் சொல்லலன்னா, என் தங்கச்சி அங்க குழாயோட அனாதையாப் போயிருப்பா. நம்ம புள்ள ஒண்ணு அங்க இருந்ததால வீட்டுல, என் மடியில போனா. நீ நல்லா இருக்கணும் தாயி."

பந்தி முழுக்க அவளைப் பார்த்தது. ஒரு கிழவி அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். புவனேஸ்வரன் கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இல்லை ஐயா என்று கத்திவிடலாம் போலிருந்தது. அவள் பதிலுக்குக் கையைக் கூப்பினாள்.

"ஒண்ணும் போடலையே உனக்கு" என்று நல்லசாமி தானே வாளியை எடுத்து நிறைய ஊற்றினார். ஒரு வடைக்கு இரண்டாக வைத்தார். எதிரிலேயே நின்றுகொண்டு, "சாப்புடும்மா, கூச்சப்படாத" என்றார்.

நிரோஷா குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பெரியவர் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் போட்டார். அதையும் சாப்பிட்டாள்.